பெரிய நாய் வளர்ப்பு: குட்டி பார்ப்பதிலிருந்து விடைகொடுப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜபாளையம், கிரேட் டேன், ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார் வளர்ப்பவர்களோடும் வளர்க்க ஆசைப்படுபவர்களோடும் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன். நாய் ஷோ மைதானத்தில், கால்நடை மருத்துவமனை வாசலில், ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் என்று சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரிய நாய் விஷயத்தில் நேரம் தவறிவிட்டால் பிறகு சரிசெய்வது ரொம்பக் கடினம். அதனால் பல பதில்கள் "இதை முதலிலேயே செய்துவிடுங்கள்" என்றுதான் இருக்கும்.

"பெரிய நாய்னா எது? எங்க லேப் நாப்பது கிலோ இருக்கு, அதுவும் பெருசுதானே?"

வளர்ந்தபின் 25 கிலோவைத் தாண்டும் இனங்களைப் பெரிய இனம் என்றும், 45 கிலோவைத் தாண்டுபவற்றை ராட்சத இனம் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் முதல் வகை. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் இரண்டாம் வகை. ராஜபாளையம் 65 முதல் 75 செ.மீ. உயரம் வரை வரும், ஆனால் உடம்பு ஒல்லி. அது வேட்டை நாயின் உடல்வாகு, மெலிந்துவிட்டதென்று நினைத்து ஏற்றிவிடாதீர்கள். உங்கள் லேப் நாற்பது கிலோ என்றால் அது பெரும்பாலும் குண்டாகிவிட்ட லேப்.

உருவம் பெரிதாகப் பெரிதாக ஆயுள் குறையும். கிரேட் டேன் 7 முதல் 10 வருடம், செயின்ட் பெர்னார்ட் 8 முதல் 10, லேப்ரடார் 10 முதல் 12 அல்லது கொஞ்சம் கூட. ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குக் கிரேட் டேன் குட்டி வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை பத்தாவது பரீட்சை எழுதும் சமயத்தில் நாய் போய்விடலாம். குட்டி பார்க்கக் கிளம்பும் முன் வீட்டில் எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

"நாங்க அபார்ட்மென்ட்ல இருக்கோம். பெரிய நாய் வளர்க்க விடுவாங்களா, வளர்க்கவும் முடியுமா?"

விடாமல் இருக்க முடியாது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. லிப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. பதிலுக்கு நீங்கள் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அது போன அசுத்தத்தை அள்ள வேண்டும், உள்ளாட்சி உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் வைத்திருக்க வேண்டும்.

வளர்க்க முடியுமா என்பது இடத்தைவிட உங்கள் நேரத்தைப் பொறுத்தது. வளர்ந்த கிரேட் டேன் பகலில் பெரும்பகுதி படுத்தே கிடக்கும். பத்து சென்ட் தோட்டத்தில் சங்கிலியில் கட்டிப்போட்ட நாயைவிட, இரண்டு அறை வீட்டில் இருந்து காலையும் மாலையும் நடக்கப் போகும் நாய் நன்றாக இருக்கும். ஆனால் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது என்றால் யோசியுங்கள். பத்து வயதில் பின்னங்கால் விழுந்துவிட்ட நாயை யார் இறக்கி ஏற்றுவது?

"செயின்ட் பெர்னார்ட் வாங்கி ஏசி போட்டு வெச்சுக்கலாம்னு இருக்கேன். பிரச்சினை இல்லல்ல?"

இருக்கிறது. அது ஆல்ப்ஸ் பனிமலைக்காக உருவான நாய். ஏசி அறையிலேயே வாழ்ந்தால் நடை இல்லை, தசை இல்லை, மின்தடை வந்தால் போக்கிடமும் இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் என்றால் வேறு. வேலூரிலும் மதுரையிலும் இதை வளர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும் வெப்பம் தாங்காத இனங்கள் பற்றிய கவலை பேசப்பட்டது.

எந்தப் பெரிய நாயாக இருந்தாலும் கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாய் பாதத்துக்கும் ஆகாது. நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்கி, கெட்டியான எச்சில் வடிந்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி மின்விசிறி போடுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குளிரவைக்காமல் ஓடுவதுதான் பலர் செய்யும் தவறு.

"ராட்வீலர் வளர்க்கத் தடைன்னு சொல்றாங்களே, உண்மையா?"

2024 மார்ச்சில் ராட்வீலர், பிட்புல் உட்பட 23 இனங்களுக்குத் தடை கோரி ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பிறகு விதிகள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மாநகராட்சியில், நகராட்சியில் நேரில் கேளுங்கள். வாங்கிவிட்டுக் கேட்டால் கஷ்டப்படப்போவது அந்த நாய்தான்.

"குட்டி எங்க வாங்கறது? 'பேப்பர்' இருந்தா போதுமா?"

பேப்பர் என்று எல்லாரும் சொல்வது கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ். தலைமையகம் சென்னை. அதில் தாய், தகப்பன், முன்னோர் பெயர்களும் குட்டியின் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண்ணும் இருக்கும். அது வம்சத்துக்கான சாட்சி மட்டுமே, குட்டி ஆரோக்கியமானது என்பதற்குச் சாட்சி ஆகாது. ஷோவுக்குப் போக விரும்பினால் பேப்பர் கட்டாயம். வீட்டுக்கு மட்டும் என்றால் பேப்பரைவிடத் தாய் நாயை நேரில் பார்ப்பது முக்கியம்.

2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நாற்பது நாள் குட்டியைப் பேருந்து நிலையத்தில் வைத்துக் கைமாற்றுகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அவர் இடத்துக்குப் போங்கள். தாய் உங்களைக் கண்டு பயந்து மூலையில் ஒடுங்குகிறதா, கிட்ட வந்து மோந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள். தாய், தகப்பனின் இடுப்பு எக்ஸ்-ரே இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதற்கே கோபப்படுபவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

"ராஜபாளையம் வெள்ளைக் குட்டிக்கு காது கேக்காதாமே?"

எல்லாக் குட்டிக்கும் அப்படி இல்லை, சிலவற்றுக்கு உண்டு. முழு வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இந்த இனத்தின் அடையாளம். உடம்பில் நிறமி குறையும்போது உட்காதிலும் குறையலாம், அப்போது பிறவிச் செவிடு வரும். வெள்ளை நிறம் மிகுந்த டால்மேஷியன் போன்ற இனங்களிலும் இதே காரணம்தான்.

குட்டி பார்க்கும்போது அதைக் கூட்டத்திலிருந்து தனியே எடுத்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்று அசைவை உணர்ந்து திரும்பிவிடும், அது பரிசோதனை ஆகாது. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியும் திரும்பும், ஆனால் சத்தம் எந்தப் பக்கம் என்று தடுமாறும். 2005-ல் தபால்தலையில் இடம்பெற்ற நான்கு இந்திய நாயினங்களில் ராஜபாளையமும் ஒன்று. இப்படிப்பட்ட இனத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், காது கேட்காத நாயை எவ்வளவு அழகாக இருந்தாலும் இனவிருத்திக்கு விடக் கூடாது. வீட்டு நாயாக வளர்க்கலாம். கை சைகைக்கு அருமையாகப் பழகும். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், தரையை லேசாகத் தட்டி எழுப்ப வேண்டும்.

"எலும்பு பலமா வரணும்னு கால்சியம் டானிக் குடுக்கறோம். எவ்வளவு குடுக்கலாம்?"

பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த தீவனம் கொடுக்கிறீர்கள் என்றால் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டியின் குடலுக்கு அதிகப்படிக் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் போதாது. கொடுத்ததெல்லாம் உள்ளே போய் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். வெறும் சாதமும் கறியும் மட்டும் கொடுப்பவர்கள் நிலை வேறு, அதில் கால்சியம் குறைவு. அவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

எலும்புக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, குட்டியைக் குண்டாக்காமல் வளர்ப்பது. 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான உணவு, மறுபாதிக்கு அதில் கால்பங்கு குறைத்த உணவு. குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தள்ளி வந்தது. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். "பாவம், ஒல்லியா இருக்கே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் சரியான எடையில் இருக்கிறது என்று அர்த்தம்.

"மாசம் எவ்வளவு செலவாகும்?"

ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தொகை சொல்லவில்லை, கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். ஐம்பது கிலோ நாய் உலர் தீவனம் என்றால் நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிடும். அது தெரிந்த செலவு. தெரியாத செலவு மருந்து. உண்ணி மாத்திரை, ஆன்டிபயாடிக், மயக்க மருந்து எல்லாமே எடைக்கு ஏற்ற அளவு. பத்து கிலோ நாய்க்கு ஒரு மாத்திரை என்றால் உங்களுடையதற்கு ஐந்து. அறுவைச் சிகிச்சைக்கு என்று ஒரு தொகையை வங்கியில் தனியாக வையுங்கள். ஏன் என்பது கீழே வயிற்று உப்புசம் பற்றிய பதிலில் தெரியும்.

"வாக்கிங் போனா என்னைய இழுத்துட்டு ஓடுது. என்ன செய்ய?"

இரண்டு வருடம் ஆன நாய் என்றால் பயிற்சியாளரைப் பாருங்கள், அதுவரை முன்பக்க வளையம் உள்ள ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) போடுங்கள். குட்டி என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, இன்றே தொடங்கலாம். லீஷ் இறுகியதும் நில்லுங்கள். தொய்ந்ததும் நடங்கள். இழுத்தால் ஓர் அடிகூட நகர முடியாது என்று அது பத்து கிலோவில் கற்றுக்கொள்ள வேண்டும். அறுபது கிலோவில் அதற்குக் கற்றுக்கொடுக்கும் பலம் நம்மிடம் இருக்காது.

மேலே தாவுவதும் அப்படியே. குட்டி தாவும்போது சிரித்துத் தடவிக்கொடுத்துவிட்டு, வளர்ந்தபின் பாட்டியைத் தள்ளிவிட்டது என்று அடிப்பது நாய்க்குச் செய்யும் அநியாயம்.

"எங்க நாயை ஷோவுக்குக் கொண்டு போகணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

முதலில் நாய் இல்லாமல் ஒரு ஷோவுக்குப் போய் முழுநாள் உட்காருங்கள். மே மாதம் ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் ஷோ பழமையானது. சென்னையில் மெட்ராஸ் கெனைன் கிளப் நடத்துகிறது. உங்கள் இனத்தின் ரிங் அருகே நின்று, முதலில் வந்த நாய்க்கும் கடைசியில் நின்ற நாய்க்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். ரிங்கை விட்டு வெளியே வந்தபின் ஹேண்ட்லர்களிடம், அதாவது ரிங்குக்குள் நாயை நடத்திக் காட்டுபவர்களிடம் பேசுங்கள். பெரும்பாலும் மனசு விட்டுச் சொல்வார்கள்.

தேவையானவை: பதிவுச் சான்றிதழ், மைக்ரோசிப், நடப்பில் உள்ள தடுப்பூசி. நுழைவு விண்ணப்பம் ஷோவுக்கு முன்பே முடிந்துவிடும், அன்றைக்குப் போய்ச் சேர முடியாது. ஆண் நாய்க்கு இரண்டு விரைகளும் இறங்கியிருக்க வேண்டும். ஷோ என்பது இனவிருத்திக்கு ஏற்ற நாயைத் தேர்வதற்காக வந்த முறை, அதனால்தான் இந்த நிபந்தனை.

"ஜட்ஜ் அப்படி என்னத்தப் பாக்கறார்? ரெண்டு நிமிஷத்துல எப்படி முடிவு பண்றார்?"

அவர் நாய்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதிவைத்த இலக்கணம் இருக்கிறது, அதற்கு எது நெருங்கி வருகிறது என்று பார்க்கிறார். நாயை நான்கு காலும் சரியாக ஊன்றி நிறுத்துவதை ஸ்டேக்கிங் என்பார்கள். நின்றபின் ஜட்ஜ் முன்னால் வந்து கையை மோந்து பார்க்கக் கொடுத்து, உதட்டை விலக்கிப் பல் வரிசையைப் பார்ப்பார். பிறகு கை கழுத்தில் இறங்கி, தோள்பட்டைச் சரிவைத் தொட்டு, மார்பின் ஆழத்தை அளந்து, முதுகோடு போய், பின்தொடைத் தசையில் நிற்கும். அந்நியர் கை இப்படித் தடவும்போது நாய் உறுமினாலோ ஒதுங்கினாலோ அதோடு முடிந்தது.

அப்புறம் ஓட்டம். நேராகப் போய் நேராக வரும்போது கால்கள் ஒரே கோட்டில் வருகின்றனவா, பக்கவாட்டில் ஓடும்போது முதுகு குலுங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பார். கிரேட் டேன் போன்ற நாயில் எலும்பு, மூட்டுக் குறைகளெல்லாம் ஓட்டத்தில்தான் வெளியே வரும், நிறுத்திவைத்து எத்தனை அழகு காட்டினாலும் மறையாது. இனத்தில் முதலிடம் பெற்றவை குழுப் போட்டிக்குப் போகும், குழுவில் முதலில் வந்தவை கடைசியில் 'பெஸ்ட் இன் ஷோ'வுக்கு நிற்கும்.

"நாலு ஷோ போயாச்சு, ஒண்ணுமே கிடைக்கல. ஹேண்ட்லர் வெச்சா ஜெயிக்குமா?"

நல்ல ஹேண்ட்லர் நாயின் சிறப்பை வெளியே கொண்டுவருவார், இல்லாததை உண்டாக்க மாட்டார். தோள்பட்டை நேராக இருக்கும் நாய்க்கு யார் லீஷ் பிடித்தாலும் முன்கால் நீளாது. ஜட்ஜிடம் நீதி கேட்காமல், "எங்கே குறை?" என்று பணிவாகக் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். நாய்க்குத் தான் தோற்றது தெரியாது. வீட்டுக்கு வந்து அதே சந்தோஷத்தோடு சாப்பிடும். நம் முகம் வாடினால் மட்டும் அதற்குத் தெரிந்துவிடும்.

"சாம்பியன் பட்டம் வாங்கிருச்சு. இனி கிராஸ் விடலாமா? ஆபரேஷன் பண்ணிடலாமா?"

பட்டம் உடலமைப்புக்குக் கிடைப்பது. உள்ளே இருக்கும் இடுப்பு மூட்டையும் இதயத்தையும் ஜட்ஜ் பார்க்கவில்லை. இரண்டு வயது முடிந்தபின் இடுப்பு எக்ஸ்-ரே, கிரேட் டேன், டாபர்மேனுக்கு இதய எக்கோ, ராஜபாளையத்துக்குக் காது. அந்தந்த இனத்துக்கு உரிய பரிசோதனைகள் சரியென்றால் பேசலாம். பெண் நாய்க்கு 18 மாதத்துக்கு முன் கிராஸ் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்பது மேலே சொன்ன 2017 விதிகளிலேயே இருக்கிறது. பிறக்கும் பத்துக் குட்டிக்கும் வீடு கிடைக்குமா என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள்.

குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை நல்லது, ஆனால் அவசரம் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் செய்த பெரிய இனங்கள் சிலவற்றில் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வளர்ச்சி முடிந்தபின் செய்யுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஓரிரு மாதத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். மறுநாள் வரை பார்க்காதீர்கள்.

"ராத்திரி சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கப் பாக்குது, வெறும் நுரைதான் வருது. ஓமத்தண்ணி குடுக்கலாமா?"

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் நாய் இப்படி இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை எடுங்கள். ஓமத்தண்ணீர், சோடா, இஞ்சிச்சாறு எதுவும் வேண்டாம்.

ஆழமான மார்புக்கூடு உள்ள நாய்களில் இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். கிரேட் டேனில் இது மிக அதிகம். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், செயின்ட் பெர்னார்டிலும் வரும். முறுக்கியதும் மேல் வாயும் கீழ் வாயும் அடைபடும், அதனால்தான் வாந்தி வராமல் நுரை மட்டும் வருகிறது. உப்பிய இரைப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்துவதால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. நாய் உட்காராது, படுக்காது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும். விலாவுக்குப் பின்னால் விரலால் சுண்டினால் மேளம்போல் ஒலிக்கும். ஈறு வெளுத்துவிட்டால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது. கையில் இருப்பது சில மணி நேரம்தான், அறுவைச் சிகிச்சை ஒன்றுதான் வழி. கிளம்பும்போதே போன் செய்து, "எக்ஸ்-ரே இருக்கா, இப்பவே ஆபரேஷன் பண்ண டாக்டர் இருக்காங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கே போய் நேரத்தை இழக்காதீர்கள். உங்கள் ஊரில் இரவில் அறுவைச் சிகிச்சை செய்யும் இடம் எது என்பதைக் குட்டி வாங்கிய வாரமே விசாரித்துவைக்க வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு அருகில் இருப்பவர்கள் அங்கே எந்த நேரத்தில் என்ன வசதி என்று நேரில் தெரிந்துகொள்ளுங்கள்.

தடுக்க: ஒரே வேளை பெரிய சாப்பாட்டை இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். விழுங்கிவிழுங்கிச் சாப்பிடும் நாய்க்கு மேடு பள்ளம் உள்ள தட்டு வையுங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓட்டமும் உருளலும் வேண்டாம். தட்டை ஸ்டூலில் உயர்த்தி வைத்தால் நல்லது என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வில் உயர்த்தி வைத்த நாய்களுக்கே ஆபத்து கூடியிருந்தது. கிரேட் டேன் வைத்திருப்பவர்கள், கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கும் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். உப்புசம் அப்போதும் வரலாம், முறுக்கல் பெரும்பாலும் வராது.

"நொண்டுது. நம்ம வலி மாத்திரை பாதி குடுத்தா என்ன?"

மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். குட்டி ஒரு வாரம் ஒரு காலும் அடுத்த வாரம் வேறு காலும் மாற்றி நொண்டினால் அது வளர்ச்சி வலியாக இருக்கலாம். பின்பக்கம் முயல்போல் இரண்டு காலும் சேர்த்துத் தாவினால் இடுப்பைப் படம் எடுங்கள். காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம் சேர்ந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், மாத்திரையை நான்கு வாரமும் விடாமல் கொடுங்கள்.

ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பெரிய நாய் ஒரே காலை நொண்டி, மணிக்கட்டுக்கு மேலோ தோளருகிலோ கெட்டியான வீக்கம் இருந்தால் சுளுக்கு என்று தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். எலும்புப் புற்றுநோய் பெரிய இனங்களில் அந்த இடங்களில்தான் அதிகம் வருகிறது.

"ஆறு வயசுதான் ஆச்சு, அதுக்குள்ள கிழடுங்கறார் டாக்டர்?"

கிரேட் டேனுக்கு ஆறு என்பது முதுமைதான். நடக்கும்போது பின்னங்கால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருந்தால் கால் சரியாகத் தூக்கப்படவில்லை. நம் வீடுகளின் டைல்ஸ், கிரானைட் தரை கிழட்டு நாய்க்குச் சறுக்குமரம். படுக்கையிலிருந்து தண்ணீர்த் தட்டு வரை, அங்கிருந்து வாசல் வரை ரப்பர் பாய் விரியுங்கள். முழங்கை காய்த்துப் புண்ணாகாமல் இருக்கத் தடித்த மெத்தை போடுங்கள்.

எழ முடியாதபோது நாலாக மடித்த பழைய வேட்டியை அடிவயிற்றுக்குக் கீழே, பின்தொடையை ஒட்டிக் கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். முழு எடையையும் தாங்க வேண்டாம், எழும்ப ஓர் ஆதரவு போதும். நின்றபின் அதுவே நடந்து போய் ஒன்றுக்குப் போகும். வீட்டுக்குள்ளேயே நனைத்துக்கொள்வது அதற்குப் பெரிய அவமானமாக இருக்கும், பலமுறை பார்த்திருக்கிறேன்.

"எப்ப 'போதும்'னு முடிவு பண்றது? நாமளே முடிவு பண்றது பாவமில்லையா?"

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே போட்டு வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள். காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி வைத்தாலும் போதும். இது நாய் நன்றாக இருக்கும்போதே பேசிவைக்க வேண்டிய விஷயம். எந்த நிலைக்குப் போனால் விடுவது என்று அப்போது எழுதிவைத்தால், பிறகு பாசம் கண்ணை மறைக்காது.

பாவமா என்றால், மூச்சுக்குத் திணறி, தன் சிறுநீரிலேயே கிடந்து, திரும்பிப் படுக்க முடியாத ஐம்பது கிலோ உடம்பை "இயற்கையா போகட்டும்" என்று விட்டுவைப்பதை நான் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் நம்பிக்கை வேறாக இருந்தால் மதிக்கிறேன். அப்போதும் வலி நிவாரணியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

"ஊசி போடும்போது கூட இருக்கணுமா? என்னால பாக்க முடியாது."

முடிந்தால் இருங்கள். அறிமுகமில்லாத மேசையில் அது கடைசியாகத் தேடுவது உங்கள் குரலைத்தான். நீங்கள் நிலைகுலைந்துவிடுவீர்கள் என்றால், அதற்குப் பழக்கமான வேறொருவர் இருக்கட்டும். மருத்துவர் வீட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்கள்.

முதலில் மயக்க ஊசி, நாய் ஆழ்ந்து தூங்கும். பிறகு நரம்பில் அளவு கூடிய மயக்க மருந்து, சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது. சிறுநீர் போகலாம். நின்றபின்னும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் தெரியும், தசை துடிக்கும். உயிர் இருக்கிறது என்று பதறாதீர்கள், அது வலியால் வருவதில்லை.

"எங்க புதைக்கிறது? அவ்வளவு பெரிய உடம்பை எப்படித் தூக்கறது?"

சொந்த இடம் இருந்தால் நான்கைந்து அடி ஆழம் வேண்டும், கிணறு, போர்வெல்லிலிருந்து தள்ளி. ஊசி மருந்து உடம்பில் தங்கியிருக்கும், மேலாகப் புதைத்து மற்ற விலங்குகள் தோண்டித் தின்றால் அவையும் சாகும். பிளாஸ்டிக்கில் சுற்றாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும், அதற்குள் கால்களை மடக்கிப் படுக்கவையுங்கள். இல்லையென்றால் குழியும் பெரிதாக வேண்டும், வண்டியில் ஏற்றுவதும் சிரமம். கெட்டியான போர்வையின் நான்கு மூலைக்கும் ஆள் வேண்டும். நம் வெயிலுக்கு மறுநாள் வரை வைக்கக் கூடாது.

இடம் இல்லாதவர்கள் மாநகராட்சியிலும் விலங்கு நல அமைப்புகளிலும் பிராணிகளுக்கான தகன மேடை எங்கே என்று கேளுங்கள். இத்தனை எடையை ஏற்பார்களா, சாம்பல் தருவார்களா என்பதையும் நாய் முதுமை அடைந்ததுமே விசாரித்துவிடுங்கள். அன்றைக்கு யாருக்கும் போன் செய்யும் தெம்பு இருக்காது.

"இன்னொரு நாய் வாசல்லயே கிடக்கு, சாப்பிட மாட்டேங்குது."

முடிந்தால் இறந்த நாயின் உடலை அது மோந்து பார்க்க விடுங்கள். நேரம் தவறாமல் அதே சாப்பாடு, அதே நடை. இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் துக்கம் என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சேர்ந்து வாழ்ந்த இரண்டுக்கும் ஒரே உண்ணிக் காய்ச்சல் இருந்த சம்பவங்கள் உண்டு.

"நாய்க்குப் போய் இப்படி அழுறியான்னு வீட்டுல கேக்கறாங்க. எனக்கு ஏதாவது ஆகிடுச்சா?"

ஒன்றும் ஆகவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்று காத்ததையும் எழுதிவைத்திருக்கிறார்கள். வீரனுக்கு வைத்த கல்லிலேயே நாய்க்கும் பெயர் வெட்டிய ஊர் நம்முடையது. நீங்கள் அழுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பெரிய நாய் போனபின் வீடு மாறியதுபோல் இருப்பதற்குக் காரணமும் உண்டு. ஹாலில் அது படுத்த இடத்தைச் சுற்றித்தான் இத்தனை நாளும் எல்லாரும் நடந்தீர்கள். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் அதற்காக. ஒரு மாதத்துக்கு அந்த நடையை நீங்கள் தனியாகவாவது போய் வாருங்கள். தூக்கமும் சாப்பாடும் பல வாரம் திரும்பாவிட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், காரணம் நாய் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

"குழந்தைகிட்ட என்ன சொல்றது? ஊருக்கு அனுப்பிட்டோம்னு சொல்லலாமா?"

வேண்டாம். தன்னையும் ஒருநாள் அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படும். "தூங்கிடுச்சு" என்றும் சொல்ல வேண்டாம், தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. "செத்துப் போச்சு, இனிமே வராது, அதுக்கு இப்ப வலிக்காது" என்று நேராகச் சொல்லுங்கள். பூ போட விரும்பினால் போடட்டும்.

"உடனே வேற குட்டி வாங்கினா பழசுக்குத் துரோகம் இல்லையா? எவ்வளவு நாள் பொறுக்கணும்?"

துரோகமும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: உங்களுக்கு வேண்டியது ஒரு குட்டியா, இல்லை போனதே திரும்பி வர வேண்டுமா? அதே நிறம், அதே பெயர், அதே குணம் என்று தேடுகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். புதிய குட்டி மூன்று மாதத்தில் செருப்பைக் கடிக்கும்போது, கிழட்டு நாயின் நிதானத்தோடு அதை ஒப்பிட்டுத் திட்டத் தோன்றும். உங்கள் வயதையும் கணக்கில் எடுங்கள். ஐம்பத்தைந்து வயதில் பிடித்த லீஷை அறுபத்தைந்தில் பிடிக்க முடியுமா? முடியாதென்றால் நடுத்தர அளவு நாயையோ, யாராவது விட்டுவிட்ட வளர்ந்த நாயையோ எடுக்கலாம்.

முந்தைய நாய் பார்வோ என்ற வைரஸ் வயிற்றுப்போக்கு நோயில் இறந்திருந்தால் மட்டும் கண்டிப்பாகக் காத்திருங்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம் வரைகூட இருக்கும். தரையையும் தட்டுகளையும் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள், படுக்கையை எரித்துவிடுங்கள். 16 வாரம் தாண்டித் தடுப்பூசி வரிசை முழுவதும் முடிந்த குட்டியையே அந்த வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.